சாட்சிக் கட்டுரை

நேற்றுவரை வலையில் விழுந்துகொண்டிருந்த கட்டுரை இன்று விழவில்லை.

சம்யுக்தா முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். அடைப்புக்குறியை எங்கேயாவது மூடாமல் விட்டுவிட்டோமா? 'அல்லது' போட வேண்டிய இடத்தில் 'மற்றும்' போட்டுவிட்டோமா? திரையில் இருந்த தேடல் வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். மருந்தின் பெயர், அதன் மாற்றுப் பெயர்கள், கர்ப்பம், பிரசவம், சிசு, காது, கேட்கும் திறன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மறுபடி ஓட்டினாள்.

ஐந்து சாட்சிகளில் நான்குதான் வந்தன.

அவள் வேலை பார்த்த சான்றாய்வுக் கழகம், கோவை அவினாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. ஒரு புது மருந்தை எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் வாங்கலாமா என்ற கேள்வி எழுந்தால், அந்த மருந்தைப் பற்றி உலகத்தில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒன்று விடாமல் தேடி, சலித்து, ஒரு முடிவை எழுதி வெளியிடுவது கழகத்தின் வேலை. எங்கே தேடுவது, எந்தச் சொற்களால் தேடுவது, எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முன்கூட்டியே திட்டம் போடுவது சம்யுக்தாவின் வேலை. வலை பின்னுகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னிய வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தப்பட்டவைதான் என்று ஏற்கெனவே நிச்சயமாகத் தெரிந்த சில கட்டுரைகளைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். வலை வீசினால் அவை கட்டாயம் விழ வேண்டும். விழாவிட்டால் ஓட்டை. அலுவலகத்தில் அவற்றுக்குச் சாட்சிகள் என்று பெயர்.

காணாமல் போன சாட்சி, தாளவாடி மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் எஸ்தர் எழுதியது. கழகம் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்த, கர்ப்பிணிகளின் ரத்தக் கொதிப்புக்கான மாத்ரலின் மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் சிலருக்குக் காது கேட்கவில்லை என்று சொன்ன கட்டுரை. ஐந்து சாட்சிகளில் மருந்துக்கு எதிராகப் பேசியது அது ஒன்றுதான்.

வேறு எதுவும் காணாமல் போகவில்லை. அது மட்டும்.

போன் அடித்தது. தங்கை அபர்ணா, கோபியிலிருந்து.

"அக்கா, கடைசியாக் கேக்கறேன். மாத்ரலின் சாப்புடலாமா, வேண்டாமா?"

அபர்ணாவுக்கு ஏழாம் மாதம். ரத்தக் கொதிப்பு. இப்போது சாப்பிடும் பழைய மாத்திரை தினம் மூன்று வேளை. சாப்பிட்டால் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. மாத்ரலின் வந்தால் ஒரே வேளை, சுற்றல் கிடையாது. அரசாணை வந்த அன்றே மாற்றிவிடலாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஆதாரம் வரட்டும்டி. முடிவு வெளிய வர்றதுக்கு முன்னால நான் வாயத் தொறக்கக் கூடாது. விதி."

"உன்கிட்டப் போயிக் கேட்டேன் பாரு! வெளிய மழை பெய்யுதான்னு கேட்டாக்கூட, நாலு பேரு நனைஞ்சு வரட்டும், பாத்துச் சொல்றேன்னு சொல்றவ நீ."

"நீயா எதையும் மாத்தாத. டாக்டரே சொன்னாலும் ஆதாரம் கேளு. சரியா?"

"சரி தாயே. வைக்கறேன்."

சம்யுக்தா போனை வைத்துவிட்டு, நான்கு சாட்சிகளை மறுபடி பார்த்தாள். நான்கும் மருந்தைப் புகழ்ந்துகொண்டு வரிசையாக நின்றன.

*

"செத்துப் போகல. பேர் மாத்திக்கிச்சு," என்றான் ரிஸ்வான்.

எதிர்மேஜைக்காரன். தேடிக் கிடைப்பதை இரண்டு பேர் தனித்தனியாகச் சலிக்க வேண்டும், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. சம்யுக்தா ஒன்று, ரிஸ்வான் இரண்டு. மற்றபடி டீயும் அரட்டையும் பொது.

கட்டுரையின் பதிவு எண்ணைப் போட்டுத் திறந்திருந்தான். உள்ளே அதே டாக்டர் எஸ்தர், அதே குழந்தைகள். மேலே தலைப்பு மட்டும் வேறு: 'மலைப்பகுதிச் சிசுக்களில் சூழல் உணர்வின் பன்முகத்தன்மை'.

"காது கேக்கலைங்கறத இவ்வளவு மரியாதையாச் சொல்ல முடியுமா!"

"சிரிக்காத ரிஸ்வான். போன வாரம் தலைப்புலயே காதுன்னு இருந்துச்சு."

"வாழும் கட்டுரைம்மா. அது மாறத்தான் மாறும். நீயும் நானும் காலேஜ்ல படிச்சப்ப ஒரு வியாதிக்கு ஒரு பேரு, இப்ப வேற பேரு. பழைய பேரோட கெடந்தா எந்தத் தேடல்லயும் சிக்காதுன்னுதானே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு புதுப்பிப்பான் வெச்சுவுட்டாங்க? தலைப்பு, சுருக்கம், குறிச்சொல், மூணையும் அதுவா காலத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கும். உள்ள இருக்கறதத் தொட முடியாது."

"உள்ள இருக்கறத எவன் தேடறான்? தேடல் பாக்கறதே அந்த மூணத்தான்."

"அது வாஸ்தவம்."

"புதுப் பேரு எல்லாருக்கும் புரியற பேரால்ல இருக்கணும்? சூழல் உணர்வாம். பொறந்த குழந்தைக்கு என்னத்தச் சூழல் உணர்வு?"

ரிஸ்வான் தோளைக் குலுக்கினான். "வலையில அதையும் சேத்துக்க. முடிஞ்சுது கதை."

சேர்த்தாள். திட்டத்தில் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் பதிவகத்தில் முத்திரை வைத்துப் பதிய வேண்டும். தேடி முடிக்கும்வரை வெளி ஆள் யாரும் பார்க்க முடியாது. பதிவதற்கு முன் ரிஸ்வானும், இயக்குநர் டாக்டர் மோகனசுந்தரமும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் முறைப்படி நடந்தது.

மறுநாள் காலை ஓட்டினாள். நான்கு சாட்சிகள்.

'சூழல் உணர்வு' கட்டுரையிலிருந்து போயே போய்விட்டது. அந்த இடத்தில் இன்னொரு சுற்றி வளைப்பு.

சம்யுக்தா நாற்காலியில் சாய்ந்தாள். அவள் சேர்த்த சொல் எதுவோ, அந்தச் சொல் மட்டும் போயிருக்கிறது. மாற்றம் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி அவளே.

எதிரே ரிஸ்வான் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இங்கே வருவதற்கு முன் அவன் ஹைதராபாத்தில் வேலை பார்த்தான். மாத்ரலின் தயாரிக்கிற அதே கம்பெனியில். ஏன் விட்டாய் என்று கேட்டால் "போர் அடிச்சுது" என்பான். சம்பளத்தில் பாதிக்கு யாராவது போர் அடித்து வருவார்களா?

கண்ணாடி அறைக்குள் மோகனசுந்தரம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

அவரும்தான். ஒரு வாரமாகத் தினம் ஒரே கேள்வி: "முடிஞ்சுதா அம்மணி?"

*

"முடிஞ்சுதா அம்மணி?"

"இன்னும் இல்லீங்க சார். ஒரு சாட்சி வலையில விழ மாட்டேங்குது."

"ஒண்ணு விழுகலீன்னா வானம் இடிஞ்சு விழுந்துருமா? வெள்ளிக்கிழமை காலையில மருந்து வாரியத்தோட கம்ப்யூட்டர் தேடும். அப்ப நம்ம ஆய்வு வெளிய இருந்தா எடுத்துக்கும். இல்லீன்னா இருக்கறத வெச்சு முடிவு பண்ணிரும். நமக்காகக் காத்துட்டு இருக்குமா?"

அப்படித்தான் ஏற்பாடு. கழகத்துக்காரர்கள் வாரியத்துக்காரர்களை நேரில் பார்த்துக் கோப்பு நீட்டக் கூடாது. யாரும் யாருக்கும் உறை கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். கழகம் வெளியிடும், வாரியம் தேடி எடுத்துக்கொள்ளும், நடுவில் மனிதர்கள் கிடையாது. நேர்மையான ஏற்பாடு என்றுதான் சம்யுக்தா அதுவரை நினைத்திருந்தாள்.

"அந்தக் கட்டுரை ஒண்ணுதான் சார் மருந்துக்கு எதிரா இருக்கு."

மோகனசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சின்ன ஆஸ்பத்திரி. இருபது குழந்தைகூட இல்ல. எப்படியும் தரம் குறைவுன்னு முத்திரை குத்தித்தானே வைப்போம்? அதுக்காக ஏன் உசுரக் குடுக்கற?"

அவள் வெளியே வந்தாள். வலையில் ஓட்டை போடுகிறவர் இப்படித்தான் பேசுவார் என்று தோன்றியது. ஓட்டை போடாத சோம்பேறியும் இப்படித்தான் பேசுவார் என்றும் தோன்றியது.

பொறி வைத்தாள்.

டாக்டர் எஸ்தரின் கட்டுரைச் சுருக்கத்தில், இன்றைய தேதிக்கு, பிடி கிடைக்கிற மாதிரி மூன்று சொற்கள் பாக்கி இருந்தன. ஒலித் தூண்டல். தொட்டில் சோதனை. கைதட்டல். ரிஸ்வானிடம் கொடுத்த திட்டத்தில் ஒலித் தூண்டலை மட்டும் சேர்த்தாள். இயக்குநரிடம் கொடுத்ததில் தொட்டில் சோதனை மட்டும். கைதட்டலை, விதியை மீறி, கையெழுத்து இல்லாமல், யாருக்கும் காட்டாமல் முத்திரை வைத்துப் பதிவகத்தில் போட்டாள். எந்தச் சொல் காணாமல் போகிறதோ, அதை வாங்கிய கை கறுப்பு.

மறுநாள் காலை கட்டுரையைப் பதிவு எண் போட்டுத் திறந்தாள்.

ஒலித் தூண்டல் இல்லை. மற்ற இரண்டும் பத்திரம்.

*

கேன்டீனில் ரிஸ்வான் பப்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பாதியை நீட்டினான்.

"யாருகிட்டச் சொன்ன?"

"என்னத்த?"

"நடிக்காத. ஒலித் தூண்டல்ங்கற வார்த்தை உனக்குக் குடுத்த திட்டத்துல மட்டும்தான் இருந்துச்சு. இன்னிக்குக் கட்டுரைல அது இல்ல. ஹைதராபாத்ல இன்னும் யாருகூடப் பேச்சுவார்த்தை?"

நீட்டிய பப்ஸ் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் தட்டுக்குத் திரும்பியது.

"எனக்கு ஒரு வார்த்தை, அவருக்கு ஒரு வார்த்தையா? பொறி வெச்சிருக்க." சிரித்தான், ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "எலிக்குக்கூட மசால் வடை வெப்பாங்க சம்யு."

"பதில் சொல்லு."

"அந்தக் கம்பெனிய ஏன் விட்டேன்னு நீ ஒருநாளாச்சும் உட்காந்து கேட்டிருக்கியா? போர் அடிச்சுதுன்னு சொன்னா அதோட விட்டுட்ட. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். இனிமே சொல்ல மாட்டேன். சொன்னா, அதையும் எங்காச்சும் சரிபாப்ப."

எழுந்து போனான். டீ குடிக்காமல் போனான். கேன்டீன்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீயை எடுத்து வைத்துக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் சம்யுக்தா கட்டுரையை இன்னொரு முறை திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சந்தேகம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது.

தொட்டில் சோதனையும் போயிருந்தது.

இரண்டு பேருமா? ரிஸ்வானும் மோகனசுந்தரமும் கைகோத்துக்கொண்டா? லிஃப்டில் ஏறினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற இரண்டு பேர்! கைதட்டல் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பதிந்ததோடு சரி, அந்தச் சொல்லை வைத்து யாரும் எதுவும்...

நிமிர்ந்தாள். நேராக ரிஸ்வான் மேஜைக்குப் போனாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் குடுத்த திட்டத்த நீ ஓட்டிப் பாத்தியா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓட்டிப் பாக்காம கையெழுத்துப் போட நான் என்ன மந்திரியா?"

கண்ணாடி அறைக்கு ஓடினாள். "சார், தேடலை நீங்க ஓட்டினீங்களா?"

"சாப்புட்டு வந்து ஒருதடவ ஓட்டினேன் அம்மணி. பாக்காமயே கையெழுத்துப் போடறேன்னு நீதானே போன மாசம் சண்டைக்கு வந்த?"

தன் இடத்துக்கு வந்து, கைதட்டல் சேர்த்த தேடலை முதன்முறையாக ஓட்டினாள். ஐந்து சாட்சிகள்! டாக்டர் எஸ்தர் கடைசியில் சமர்த்தாக நின்றார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஓர் எழுத்துகூட மாற்றாமல், அதே தேடலை மறுபடி ஓட்டினாள்.

நான்கு.

கைதட்டல் இருந்த இடத்தில் இப்போது 'உள்ளங்கைகளின் மோதல் நிகழ்வு' என்று இருந்தது.

அவளுக்குப் பின்னால் ரிஸ்வான் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"நம்ம திட்டத்த யாரும் திருடல," என்றாள் சம்யுக்தா. "தேடறவங்களப் பாத்து அது ஓடுது."

ரிஸ்வான் தன் மேஜைக்குத் திரும்பிப் போனான்.

*

போனில் டாக்டர் எஸ்தரின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"நான் எதையும் மாத்தலீங்கம்மா. அதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்? கட்டுரையப் பத்திரிகைக்கு அனுப்புனதோட சரி, புதுப்பிப்பான் அவங்க வெச்சதுதான்."

"அதுக்கு என்ன உத்தரவு குடுத்திருக்காங்க, தெரியுங்களா டாக்டர்?"

"ஒரே வரிதான். கட்டுரையோட மதிப்பெண் குறையாமப் பாத்துக்கோன்னு. நல்லதுதானேன்னு நானும் சரின்னுட்டேன். மதிப்பெண்ணப் பாத்துத்தானே எங்களுக்கு நிதி வருது." குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போக, குரல் தெளிவானது. "ஆனா குறைஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. உங்கள மாதிரி ஆய்வு பண்றவங்க தேடி எடுப்பாங்க, தரம் குறைவுன்னு ஒரு முத்திரை குத்துவாங்க. ஒவ்வொரு முத்திரைக்கும் மதிப்பெண் எறங்கும். ஏன் தரம் குறைவுன்னா, குழந்தைங்க எண்ணிக்கை பத்தாதாம். இந்த மலையில இருக்கறதே அத்தன குழந்தைங்கதானே? இல்லாத குழந்தைக்கு நான் எங்க போவேன்?"

தேடத் தேடச் சொற்கள் மறைவதைச் சம்யுக்தா சொன்னாள்.

"நீங்க சொல்றதப் பாத்தா, அதுக்குப் புத்தி வந்துருச்சு போல. யாராச்சும் தேடி எடுத்தா அடி விழும்னு தெரிஞ்சுக்கிச்சு. அடி வாங்குன நாய் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிருமில்லீங்களா?"

"யாரு முத்திரை குத்தினாங்கன்னு தெரியுங்களா?"

"கோவைல ஏதோ கழகம்மா. அங்கதான் நிறைய."

போனை வைத்த பிறகும் சம்யுக்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லன் என்று ஒருவன் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பெரிய கம்பெனியின் பெரிய கட்டுரைகளுக்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகள், பளபளக்கும் முத்திரை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். ஒளிகிறவை எல்லாம் சின்னவை. மலை ஆஸ்பத்திரி, தீவு ஆஸ்பத்திரி, ஒற்றை டாக்டர். வாழும் கட்டுரைச் சட்டம் வந்ததிலிருந்து இந்த மேல்மாடியில் உட்கார்ந்து 'எதிர்ச்சான்று ஏதுமில்லை' என்று எழுதிய மருந்துகள் எத்தனை? அதில் எத்தனைக்கு நிஜமாகவே இல்லை?

எஸ்தர் ஒருவருடையது மட்டும்தான் ஒளிந்திருக்கிறதா, என்ன நிச்சயம்? சாட்சியாக எடுத்து வைத்திருந்ததால் அது காணாமல் போனது தெரிந்தது. சாட்சியாக இல்லாதவை காணாமல் போனால் யாருக்குத் தெரியும்?

தேடிப் பிடிக்க முடியாது. தேடினால் ஓடும். தானாக வெளியே வந்தால்தான் உண்டு.

புதிய திட்டம் ஒன்று எழுதினாள். இந்த முறை கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை, முத்திரையும் வைக்கவில்லை. மனிதரோ புதுப்பிப்பானோ, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று பதிவகத்தில் திறந்து போட்டாள். முதல் வரி இப்படி இருந்தது: 'மாத்ரலின், சிசுவின் கேட்கும் திறன் பற்றிய இந்த ஆய்வில் எந்தக் கட்டுரைக்கும் தர முத்திரை இடப்படாது.'

மறுநாள் காலை, மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி வந்தன.

தாளவாடி வந்தது. மன்னார் வந்தது. மொம்பாசா, ராய்ச்சூர், பெயரே கேள்விப்படாத தீவுகள். காதுக்குக் காது என்றும், செவிட்டுக்குச் செவிடு என்றும் வெட்கமில்லாமல் பெயர் போட்டுக்கொண்டு வந்தன. ஓர் ஊரில் ஒன்பது குழந்தைகள், இன்னோர் ஊரில் பதினைந்து. திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. சம்யுக்தாவுக்கு அபர்ணாவின் வயிறு ஞாபகம் வந்தது.

*

"தர மதிப்பீடு இல்லாம ஒரு ஆய்வா?" மோகனசுந்தரம் எழுந்தே நின்றுவிட்டார். "தாலி இல்லாம ஒரு கல்யாணமா? ஊரே சிரிக்கும் அம்மணி! தனித்தனியாப் பாத்தா இதெல்லாம் தூசி."

"தூசிதானுங்க சார். ஆனா எல்லாத் தூசியும் ஒரே பக்கமாப் பறக்குது. அப்படீன்னா காத்து அடிக்குதுன்னுதானே அர்த்தம்?"

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி, வாதத்துக்கே வர்றேன். இப்பத்தான் எல்லாம் கைக்குள்ள வந்துருச்சே. இனிமே தரம் போட்டா என்ன? முறைப்படி முடிச்சிரலாம்."

"போட்டா இனிமே ஒண்ணும் வெளிய வராதுங்க. இந்த மருந்துக்கு மட்டுமில்ல, எந்த மருந்துக்கும் வராது. நம்ம பேச்ச நம்பித்தான் வந்திருக்கு."

"ஒரு கட்டுரைக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தணுமாக்கும்!"

"ஆமாங்க சார்."

ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மோகனசுந்தரம் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"வெளியிடு. வியாழக்கிழமையே வந்துரட்டும்."

சண்டை போடத் தயாராக வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே வேறு கோப்பில் இருந்தார். இவ்வளவு சுலபமாகவா?

வியாழக்கிழமை ஆய்வு வெளியானது. 'மாத்ரலின்: சிசுக்களின் கேட்கும் திறனுக்கு ஆபத்து இருக்கலாம், கூடுதல் சோதனை முடியும்வரை கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கவும்.' ஒரு பிரதியைக் காகிதத்தில் அச்சடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். காகிதத்தில் அச்சடிக்கிற பழக்கம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் கிடையாது. அவளுக்கும் கிடையாது.

சனிக்கிழமை அபர்ணா கூப்பிட்டாள். குரலில் உற்சாகம்.

"அக்கா, ஆணை வந்துருச்சாம்! திங்கக்கிழமை வந்து புது மாத்திரை வாங்கிக்கச் சொன்னாங்க."

"என்னடி சொல்ற? வேண்டாம்னுதானே நாங்க எழுதியிருக்கோம்?"

"நீதானே ஆதாரம் கேளுன்ன? கேட்டேன். டாக்டரம்மா என் கண்ணு முன்னாடியே ரெண்டு மூணு தடவ தேடிப் பாத்தாங்க. மாத்ரலின், குழந்தை, காதுன்னு போட்டுப் பாத்தாங்க. தப்பா ஒண்ணுமே வரலக்கா."

சம்யுக்தா கணினியைத் திறந்தாள். மாத்ரலின், சிசு, காது. வந்தவை எல்லாம் பெரிய கட்டுரைகள், பெரிய எண்ணிக்கைகள், பளபளக்கும் முத்திரைகள். தன் ஆய்வு எங்கே? ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். எங்கும் இல்லை.

போன் திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ரிஸ்வான். பல நாட்களுக்குப் பிறகு.

'உன் கட்டுரையும் வாழும் கட்டுரைதான், மேடம். வெளியான அன்னிக்கே, புது ஆய்வு எல்லாத்துக்கும் தானாத் தரம் போடற மெஷின் முத்திரை குத்திருச்சு: தர மதிப்பீடு செய்யப்படாத ஆய்வு, தரம் குறைவு. வெள்ளிக்கிழமை காலையில வாரியம் தேடறதுக்குள்ள அது ஓடிருச்சு. இப்ப அதோட தலைப்பு: தாய்-சேய் நலத்தில் புலன் சார்ந்த சில சிந்தனைகள். இந்தத் தடவ யாரச் சந்தேகப்படப் போற?'

கண்ணாடி அறையில், சுலபமாகக் கையெழுத்துப் போட்ட அந்தப் பேனா அவள் கண்முன் வந்து போனது. எப்படியும் எவர் கண்ணிலும் படாது என்று தெரிந்தேதான் போட்டாரா? கேட்டால் கண்ணாடியைத் துடைப்பார்.

"அக்கா? லைன்ல இருக்கியா? வேணும்னா இன்னொருக்கா டாக்டரம்மாவத் தேடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்!" அலறியேவிட்டாள். "யாரும் தேட வேண்டாம். தேடத் தேட அது இன்னும் தூரமாப் போகும். பழைய மாத்திரையவே சாப்புடு. திங்கக்கிழமை நானே வர்றேன்."

*

சுகாதார நிலையத்தின் வாசலில் வரிசை, வேப்பமரம் வரை நீண்டிருந்தது. உள்ளே டாக்டர் ஷர்மிளா, புது மாத்திரை அட்டைகள் அடுக்கிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தூங்காத கண்கள்.

"உங்க தங்கச்சி சொன்னாங்க. எனக்கும் பயம்தாங்க, அதனாலதான் தேடிப் பாத்தேன். ஒண்ணும் வரலியே?"

"வராதுங்க டாக்டர். ஏன் வராதுன்னு அப்பறம் சொல்றேன். மொதல்ல இதப் பாருங்க."

பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள். நீட்டுவதற்கு முன் தலைப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பஸ்ஸிலும் இரண்டு முறை பார்த்திருந்தாள். மாறவில்லை. பதிவு எண் போட்டுத் திறந்தாலும் திரையில் வேறு தலைப்புதான் வரும். இது காகிதம், மாறாது. இருந்தாலும் பார்த்தாள்.

டாக்டர் முதல் பக்கத்தைப் புரட்டாமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. யாரு வேணும்னாலும் பிரிண்ட் போட்டுக் கொண்டு வரலாமில்லீங்களா? இது எங்க வெளியாகியிருக்கு? ஒரு நிமிஷம், நானே தேடிப் பாத்துக்கறேன்."

வலது கை விசைப்பலகையை நோக்கிப் போனது.

சம்யுக்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரையும் தொட்டுப் பேசுகிறவள் இல்லை. பக்கத்தில் நாற்காலியில் இருந்த அபர்ணா, வயிற்றில் கை வைத்தபடி வாயைப் பிளந்து பார்த்தாள்.

"தேடாதீங்க டாக்டர். படிங்க."

டாக்டர் ஷர்மிளா தன் கையைப் பார்த்தார். வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து, படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.